நீரில் விழுந்த இரும்பு



யூலை மாதம் 11ஆம் நாள் திருச்சபை புனித ஆசீர்வாதப்பரின் விழாவைக் கொண்டாடுகிறது. 1964ஆம் ஆண்டு பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் இவரை ஐரோப்பாவின் பாதுகாவலராகப் பிரகடனம் செய்தார். நம் மக்களிடையே இவரை அறிந்தவர் குறைவு. இவருடைய சபையின் சில்வெஸ்திரியன் கிளையைச் சேர்ந்த துறவிகள் 1845ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்து, கண்டிப் பகுதியில் இன்றும் மடம் அமைத்து வாழ்கிறார்கள் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. அறிந்த சிலரும், "அவர் சந்நியாசிகளுக்குரியவர். பெண்டு பிள்ளைகளோடு சீவிக்கும் எங்களுக்கும் அவருக்கும் என்ன?" என்று விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் இன்று நான் அவரை வைத்துப் பேச விரும்புவது சந்நியாசிகளோடல்ல. காலையில் கந்தோர் இடாப்பில் கையெழுத்து வைப்பவர்களே, சங்கக்கடையில் அரிசி நிறுப்பவர்களே, ஆஸ்பத்திரி வாட்டில் இரவு விழிப்பவர்களே, ஆசிரியர் அறையிலே கொப்பி திருத்துபவர்களே, உங்களோடுதான் பேசுகிறேன். விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை நீங்கள் மனைவி மக்களோடு கழிப்பதில்லை. நீங்கள் தெரிந்தெடுக்காத, உங்களைத் தெரிந்தெடுக்காத சிலரோடு ஒரே கூரையின் கீழ் கழிக்கிறீர்கள். குடும்ப வாழ்வைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் செய்கிறோம். அந்த எட்டு மணித்தியாலத்தைப் பற்றிப் பேசுவது அரிது. குறை எங்கள் பக்கத்தில்தான்.

ஆசீர்வாதப்பர் 480ஆம் ஆண்டளவில் இத்தாலியிலே நூர்சியா என்ற ஊரில் பிறந்தவர். மொந்தே கசீனோ மலையில் மடம் அமைத்து, தம் துறவிகளுக்கென 73 அதிகாரங்கள் கொண்ட ஒழுங்கு நூலொன்றை எழுதி வைத்தார். உயர்ந்த தியானங்களை எதிர்பார்த்து அதனைத் திறப்பவர் சற்றுத் திகைப்பார். செபமும் தாழ்ச்சியும் அங்கே இருக்கின்றன, மெய். அவற்றோடு குசினி முறை யாருக்கு, களஞ்சியத்துக்குப் பொறுப்பானவர் எப்படிப்பட்டவராயிருக்க வேண்டும், இரும்பு ஆயுதங்களின் பட்டியலை யார் வைத்திருப்பது, சாப்பாட்டுக்குப் பிந்தி வருபவரை என்ன செய்வது என்பனவும் இருக்கின்றன. கூடி வேலை செய்யும் மனிதர் எங்கே சண்டை பிடிப்பார்கள் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது!

அவர் சரித்திரத்தில் ஒரு சிறு நிகழ்ச்சியைப் பாப்பரசர் பெரிய கிரகோரியார் எழுதி வைத்திருக்கிறார். சுபியாக்கோவிலே, ஏரிக்கரையோரம், தோட்டம் போடுவதற்காகப் பற்றைக்காடு வெட்ட வேண்டியிருந்தது. அந்த வேலை ஒரு கோத்தியனுக்குக் கொடுக்கப்பட்டது. கோத்தியர் அக்காலம் இத்தாலியை ஆண்ட இனத்தவர். ஆனால் இவன் எளியவன், மடத்தில் சேர வந்தவன். நீண்ட பிடி போட்ட வெட்டுக்கத்தி ஒன்றை அவன் கையிற் கொடுத்தார்கள். முழுப் பலத்தோடும் அவன் வெட்டிக்கொண்டிருக்கையில் இரும்பு பிடியை விட்டுக் கழன்று பறந்து ஏரியிலே விழுந்தது. அவ்விடத்தில் தண்ணீர் மிக ஆழம். இரும்பு கிடைக்குமென்ற நம்பிக்கை சிறிதுமில்லை.

சகோதரரே, இப்போது அந்த மனிதனின் இடத்தில் நின்று பாருங்கள். பக்கத்தில் எவருமில்லை. கையில் வெறும் பிடி. அதையும் ஏரியில் எறிந்துவிட்டு, "கத்தியை யாரோ எடுத்துவிட்டார்கள்" என்று சொல்லியிருக்கலாம். "பிடி முன்னமே ஆட்டமாயிருந்தது, தந்தவனைக் கேளுங்கள்" என்றிருக்கலாம். பின்னேரம்வரை மரநிழலில் இருந்துவிட்டு, கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருந்திருக்கலாம். அவன் நடுங்கிக்கொண்டு மவுரூஸ் என்ற இளந் துறவியிடம் ஓடினான். நடந்ததைச் சொன்னான். தன் பிழைக்குத் தண்டனையும் ஏற்க நின்றான்.

மவுரூஸ் உரோமைப் பிரபு ஒருவரின் மகன். அந்நியனான ஒருவன் மடத்துப் பொருளைத் தொலைத்துவிட்டு நிற்கிறான். ஏளனமாக ஒரு வார்த்தை சொல்ல வசதியான நேரம். அப்படி ஏதும் சொன்னதாகக் கிரகோரியார் எழுதவில்லை. அவர் நேரே போய் ஆசீர்வாதப்பரிடம் அறிவித்தார். ஆசீர்வாதப்பர் ஏரிக்கரைக்கு வந்தார், கோத்தியனின் கையிலிருந்த பிடியை வாங்கித் தண்ணீருக்குள் விட்டார், அடியில் கிடந்த இரும்பு மேலே வந்து பிடியிற் சேர்ந்தது. அதை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்து, வேலையைச் செய், துக்கப்படாதே என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அரசர் இரண்டாம் நூல் 6ஆம் அதிகாரத்தை வாசித்தவர்களுக்கு இது எலிசேயுவை நினைவூட்டும். யோர்தான் கரையில் மரம் தறித்த ஒருவனின் கோடரி தண்ணீரில் விழுந்தது; அவன் ஐயோ, அது இரவற் கோடரி என்று உடனே அலறினான். இரண்டு இடத்திலும் புதுமையைப் பற்றியே பேசுகிறோம். அதற்கு முன் நடந்ததைப் பேசுவதில்லை. தொலைத்தவன் தானே, அந்த நேரமே, வாய் திறந்தான். இரும்பு மிதக்குமென்று கோத்தியனுக்குத் தெரியாது. தண்டனை கிடைக்கும் என்றுதான் எண்ணியிருப்பான். ஆயினும் சொன்னான்.

ஆசீர்வாதப்பர் இதனை நூலின் 46ஆம் அதிகாரத்திலே ஒழுங்காகவே வகுத்துவிட்டார். குசினியிலோ களஞ்சியத்திலோ பாண் சுடும் இடத்திலோ தோட்டத்திலோ வேலை செய்யும்போது ஒருவன் பிழை விட்டால், எதையாவது உடைத்தால் அல்லது தொலைத்தால், அவன் உடனே மடாதிபதி முன்னும் சகோதரர் முன்னும் தானாகவே வந்து சொல்ல வேண்டும். அவன் மறைத்து, இன்னொருவர் மூலம் அது வெளிவந்தால், தண்டனை அதிகம். உடைத்ததற்கல்ல அந்த மேலதிகத் தண்டனை, ஒளித்ததற்கு.

இந்த அதிகாரத்தை முதன்முதல் வாசித்த நாளில் எனக்கு நெஞ்சு குத்தியது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

குருமடத்திற் சேருவதற்கு முன் இரண்டு வருடம் நான் ஒரு கந்தோரில் வேலை பார்த்தேன். தற்காலிக உத்தியோகம். சம்பளப் பட்டியல் தயாரிப்பது என் வேலை; ஆனால் என் கையொப்பம் செல்லாது. ஆதலால் பக்கத்து மேசையிலிருந்த மூத்த லிகிதர் தம் பொறுப்பில் ஒப்பமிட்டு அனுப்புவார். ஒரு மாத முடிவில், ஒரு பக்கத்துக் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகும்போது இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிட்டேன். பட்டியல் ஒப்பமாகி மேலே போனபின், மூன்றரை மணியளவில், என் பென்சிற் குறிப்பைப் பார்த்தபோது பிழை கண்ணிற் பட்டது. பத்து அடி நடந்து அவரிடம் சொன்னால் முடிந்தது. நான் அந்தக் குறிப்புத் தாளை மடித்து லாச்சிக்குள் வைத்தேன். "மேலே பார்ப்பார்கள்தானே, பிடித்துவிடுவார்கள்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒருவரும் பிடிக்கவில்லை. பல மாதம் கழித்துக் கணக்குப் பரிசோதகர் வந்தபோது பிடித்தார். ஒப்பம் மூத்த லிகிதருடையது. அவருக்கு ஒரு வருடச் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. தூர இடத்துக்கு மாற்றமும் வந்தது. பெண் பிள்ளைகள் உள்ள வீடு. நான் வாய் திறக்கவில்லை. அவர் போகும்வரை, தேத்தண்ணி நேரத்தில் அவருடைய மேசைக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்க இயலாமற் போனது ஒரு காரணம். அவரோடு நின்றால் என் பெயரும் அடிபடுமென்ற பயம் மற்றது.

ஏன் சொல்லவில்லை என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். கோழைத்தனம் என்பது எளிதான மறுமொழி, உண்மையுங்கூட. ஆனால் அதற்கு முதற் கிழமை நடந்த ஒன்று அடிக்கடி நினைவுக்கு வரும். கந்தோர்ச் சிற்றூழியர் ஒருவர் மைப்போத்தலைத் தட்டிவிட்டார். எங்கள் மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் அவரை நிற்க வைத்து, அவர் படிப்பையும் ஊரையும் இழுத்துப் பேசினார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஏழு நாளின் பின் என் கை தவறியபோது, நான் கண்டது அந்த மைப்போத்தலைத்தான். அவரைப் பார்த்துச் சிரித்த அதே வாய்களை அன்று நான் அஞ்சினேன். அவற்றில் ஒன்று என்னுடையது.

வேலைத்தலங்களிலே பழக்கங்கள் இப்படித்தான் பிறக்கின்றன. சுவரிலே எழுதித் தொங்கவிடும் விதிகளைப் பார்த்து எவரும் பழகுவதில்லை. கடைசியாகப் பிழை விட்டவனுக்கு என்ன நடந்தது என்பதைப் பார்த்தே பழகுகிறார்கள். அவன் அவமானப்பட்டானானால் அடுத்தவன் ஒளிப்பான். அடுத்தவன் ஒளிப்பதைக் கண்டு புதிதாக வந்தவனும் ஒளிக்கப் பழகுவான். இரண்டு வருடத்தில் அது அந்த இடத்தின் வழக்கமாகிவிடும். அப்போது எவரைக் குற்றஞ்சாட்டுவதென்றே தெரியாது.

ஆகவே, மேலிடத்தில் இருப்பவர்களே, இந்தக் காரியத்தில் பாதிக்கு மேல் உங்களுடையது. ஆசீர்வாதப்பர் மடாதிபதிக்கு எழுதிய 64ஆம் அதிகாரத்திலே, துருவைப் போக்குகிறேன் என்று அளவுக்கு மீறிச் சுரண்டிப் பாத்திரத்தையே உடைத்துவிட வேண்டாம் என்ற கருத்தைச் சொல்லுகிறார். இளமையில் அவர் பட்ட ஒரு அனுபவம் அவருக்கு இதைக் கற்பித்திருக்கலாமென்று எனக்கு எண்ணத் தோன்றுகிறது. வேறொரு மடத்துத் துறவிகள் அவரை வருந்தித் தலைவராக அழைத்தார்கள். அவருடைய கண்டிப்பைத் தாங்க மாட்டாமல் முந்திரிகை இரசத்தில் நஞ்சு கலந்தார்கள். அவர் சிலுவை வரைய, பாத்திரம் வெடித்தது. அவர் கோபப்படாமல், வேறு தலைவரைத் தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்லி வெளியேறினார். கண்டிப்பு மட்டும் போதாது என்பதை இவ்வளவு விலை கொடுத்துப் படித்த தலைவர்கள் அதிகமில்லை.

ஒரு கருவி தண்ணீரில் விழுந்தது என்று வந்து சொல்பவனிடம், "யார் விழுத்தியது?" என்பது முதற் கேள்வியா, "எங்கே விழுந்தது?" என்பது முதற் கேள்வியா? ஆசீர்வாதப்பர் ஏரிக்கரைக்கு நடந்து போனார். உங்கள் கந்தோரில் இந்த ஒன்றை ஒரு மாதம் செய்து பாருங்கள். பிழை வந்து சொல்லப்பட்டதும் முதலிலே திருத்தும் வேலை. அது முடிந்தபின், கதவைச் சாத்திக்கொண்டு, தனியே, மற்றப் பேச்சு.

பிழையைப் பிந்திக் கண்டுபிடிப்பதால் வரும் சண்டைகளைத் தடுக்கவும் அவர் ஓர் ஒழுங்கு வைத்தார். மடத்தில் எல்லோரும் முறை வைத்துக் கிழமைக்குக் கிழமை குசினி வேலை செய்ய வேண்டும். நோயோ முக்கிய கடமையோ இருந்தாலன்றி எவருக்கும் விலக்கில்லை. பலவீனருக்கு உதவியாள் கொடுக்கப்படும். முறை முடிப்பவர் சனிக்கிழமை எல்லாவற்றையும் சுத்தம் செய்து, துவாய்களைத் தோய்த்து, முடிப்பவரும் தொடங்குபவரும் சேர்ந்து எல்லோருடைய பாதங்களையும் கழுவுவார்கள். பாத்திரங்கள் சுத்தமாகவும் உடையாமலும் களஞ்சியப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கப்படும். அவர் அவற்றைப் புதிதாக வருபவரிடம் கொடுப்பார். கொடுத்தது என்ன, பெற்றது என்ன என்பது இருவருக்கும் தெரிந்திருக்கும். வாட்டில் இரவுத் தாதி பகல் தாதியிடம் பொறுப்புக் கொடுக்கும் அந்தக் கால் மணித்தியாலத்தை நினைத்துப் பாருங்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று அதை மூன்று நிமிஷத்தில் முடிப்பவர்கள் உண்டு. சொல்லாமல் விட்ட ஒரு சொல், விடியுமுன் கட்டிலில் கிடப்பவனைப் போய்ச் சேருகிறது.

இதே குசினி அதிகாரத்தில் எனக்கு மிகப் பிடித்த ஒரு வரி உண்டு. பரிமாறுபவர்களுக்குச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன், வழக்கமான பங்குக்கு மேலாக, சிறிது பாணும் குடிக்கப் பானமும் கொடுக்க வேண்டுமாம். ஏனென்றால் அவர்கள் முறுமுறுக்காமல் சகோதரருக்குப் பணி செய்ய வேண்டும். முறுமுறுப்பை இந்த நூலைப்போல் கண்டித்த நூல் குறைவு. அதே நூல், பசித்த வயிறோடு பிறருக்குப் பரிமாறுபவன் முறுமுறுப்பான் என்பதை ஒத்துக்கொண்டு முதலில் பாணைக் கொடுக்கிறது. தொழிலாளர் முறுமுறுக்கிறார்கள் என்று முறையிடும் முதலாளிமார், எங்கள் பங்குக் கமிட்டிகள் உட்பட, பாண் கொடுத்தாயிற்றா என்று முதலில் பார்ப்பது நல்லது.

மடத்துக் கத்தியையும் குசினிச் சட்டியையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். இவை சிறு காரியங்கள் என்று யாரேனும் எண்ணினால், நம் காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லுகிறேன். 1974ஆம் ஆண்டு டிசெம்பர் 1ஆம் நாள், அமெரிக்காவிலே வாஷிங்டனுக்கு அருகிலுள்ள டல்லஸ் விமான நிலையத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த டீ.டபிள்யூ.ஏ. கம்பனியின் விமானம் ஒன்று வேர்ஜினியா மாநிலத்து மலையொன்றில் மோதியது. அதிலிருந்த 92 பேரும் மாண்டனர். நிலையத்தார் கொடுத்த அனுமதியை, இனித் தாழப் பறக்கலாம் என்று விமானி விளங்கிக்கொண்டார். மலைக்கு மேல் உயரத்தைப் பார்த்துக்கொள்வது விமானியின் பொறுப்பு என்று கீழே இருந்தவர்கள் விளங்கிக்கொண்டார்கள்.

விசாரணையில் வெளிவந்ததுதான் வேதனை. ஏறத்தாழ ஆறு கிழமைக்கு முன், யுனைட்டட் என்ற வேறொரு கம்பனி விமானம் அதே இடத்தில், அதே விளக்கக் குறைவால், மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தம் கம்பனிக்கு நடந்ததைச் சொன்னார்கள். கம்பனியும் தன் விமானிகளை எச்சரித்தது. ஆனால் அந்தச் செய்தி மற்றக் கம்பனிகளின் விமானிகளைப் போய்ச் சேரவில்லை.

அதன்பின் அந்நாட்டு விமானத்துறை, விமானிகள் தம் தவறுகளைத் தாமே எழுதி அனுப்ப வேண்டுமென்று ஒரு முறையை 1975இல் ஏற்படுத்தியது. அது சரிவரவில்லை. தண்டிக்கும் அதிகாரம் கையிலுள்ளவரிடம் தன் பிழையைச் சொல்ல எவன் துணிவான்? ஆகவே 1976இல் அந்தப் பொறுப்பு, தண்டிக்கும் அதிகாரமற்ற நாசா நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டது. அறிக்கையிலிருந்து பெயர் நீக்கப்படும். வேண்டுமென்று செய்யாத தவறாயும், குற்றச்செயலோ விபத்தோ அல்லாததாயும் இருந்து, பத்து நாளுக்குள் எழுதி அனுப்பினால், பொதுவாகத் தண்டம் விதிக்கப்படுவதில்லை. அந்த முறை இன்றும் நடக்கிறது. பத்து நாள்! ஆசீர்வாதப்பர் அவ்வளவும் கொடுக்கவில்லை, உடனே என்றார். ஆனால் மனிதன் ஏன் ஒளிக்கிறான் என்பதை இரு பக்கத்தாரும் ஒரே மாதிரியே கண்டிருக்கிறார்கள்.

"சுவாமி, இப்படிச் சலுகை கொடுத்தால் வேலை செய்பவர்கள் தலைக்கு மேல் ஏறிவிடுவார்கள்" என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. ஆசீர்வாதப்பர் பிழைக்குப் பரிகாரம் கேட்டவர். தண்டனையே வேண்டாமென்று சொன்னவரல்ல. தன் கைத்தொழிற் திறமையினால் மடம் பிழைக்கிறது என்று பெருமை பிடித்த தொழிலாளியை அந்த வேலையிலிருந்து எடுத்துவிடச் சொன்னவரும் அவரே. கை தவறுவது வேறு, களவு வேறு. திருடியவனும் தட்டிவிட்டவனும் ஒரே தண்டனை பெறும் இடத்தில், தட்டிவிட்டவன் திருடனைப் போலவே நடக்கப் பழகுவான்.

வேறு சிலர், "சொன்னால் என் வேலை போய்விடும்" என்பார்கள். இதற்கு எளிதாக மறுமொழி சொல்ல எனக்கு மனமில்லை. அப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன. உண்மையைச் சொன்னவன் நட்டப்படமாட்டான் என்று நற்செய்தி எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் சொல்லாத பிழையின் விலையை யாரோ ஒருவர் கொடுக்கிறார். அவர் யார் என்று பார்த்தீர்களா? பெரும்பாலும் அவர் உங்களுக்கு மேலே இருப்பவரல்லர். பக்கத்து மேசையில் இருப்பவர்.

இனி முறுமுறுப்பு. நம் கந்தோர்களில் குறையைக் குறைக்குரியவரிடம் சொல்வதில்லை; அவரைத் தவிர எல்லோரிடமும் சொல்கிறோம். தேத்தண்ணிக் கடையில், பஸ் தரிப்பிடத்தில், இப்போது கைத்தொலைபேசியிலும். குற்றம் செய்த சகோதரனை முதலிலே தனியே கண்டு பேசு என்று நம் ஆண்டவர் மத்தேயு 18ஆம் அதிகாரத்திலே கற்பிக்கிறார். ஆசீர்வாதப்பரும் 23ஆம் அதிகாரத்தில், இரு முறை இரகசியமாகப் புத்தி சொன்ன பின்னரே எல்லோர் முன்னிலையிலும் கண்டிக்கலாம் என்கிறார். நாம் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறோம்.

ஆனாலும் முறுமுறுப்பைக் கேட்பவர்களும் கவனிக்க வேண்டியதுண்டு. அப்போஸ்தலர் பணி 6ஆம் அதிகாரத்தில் ஆதித் திருச்சபையிலேயே முறுமுறுப்பு எழுந்தது. கிரேக்க மொழி பேசியவர்கள், நாளாந்தப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்றார்கள். பன்னிருவரும் "இதைக் கிளப்பியது யார்?" என்று விசாரணை வைக்கவில்லை. எல்லோரையும் கூட்டினார்கள். பங்கீட்டுக்குப் பொறுப்பாக ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பெயரையும் வாசித்துப் பாருங்கள். ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்களின் பக்கத்தவர் கையிலேயே பங்கீடு கொடுக்கப்பட்டது போலும். இரு மொழி பேசுவோர் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் நம் நாட்டில் இதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

சனிக்கிழமை பின்னேரம் நாம் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கிறோம். எம் குற்றங்களைச் சொல்லப் பழகிய சனங்கள் நாம். திங்கட்கிழமை காலை உடைந்த கண்ணாடியைக் குப்பைக்குள் மறைத்து வைக்கும் கையும் அதே கைதான். ஆன்மாவின் அந்தரங்கப் பாவத்தைக் கந்தோரில் சொல்லும்படி எவரும் கேட்கவில்லை. 46ஆம் அதிகாரமே அதைப் பிரித்துக் காட்டி, அப்படிப்பட்டதை, காயத்தை வெளிப்படுத்தாமல் ஆற்றத் தெரிந்த பெரியவரிடம் மட்டும் சொல்லச் சொல்லுகிறது. ஆனால் பேரேட்டில் விட்ட பிழை, மருந்துப் போத்தலில் மாறிய சீட்டு, நிறையில் குறைந்த இறாத்தல், இவை அந்தரங்கமல்ல. இவை அடுத்தவன் மேல் விழுபவை.

இன்னுமொன்று. பிழை வெளிப்பட்டு ஒருவன் ஒதுக்கப்பட்டிருக்கும்போது, ஆசீர்வாதப்பர் 27ஆம் அதிகாரத்தில், வயதும் விவேகமுமுள்ள சகோதரரை மடாதிபதி அவனிடம் மறைவாக அனுப்ப வேண்டும் என்கிறார். மிதமிஞ்சிய துக்கத்தில் அவன் அமிழ்ந்து போகாதபடி அவர்கள் ஆறுதல் சொல்ல வேண்டும். தண்டித்தவரே ஆறுதலுக்கும் ஆள் அனுப்புகிறார். உங்கள் இடத்தில் விளக்கக் கடிதம் பெற்றவர் இன்று மத்தியானம் யாரோடு இருந்து சாப்பிட்டார்?

அந்த மூத்த லிகிதரை நான் பின்னர் போய்க் கண்டேன். அப்போது நான் குருப்பட்டம் பெற்றுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அவர் ஓய்வு பெற்றிருந்தார். திண்ணையிலே கதிரை போட்டு இருத்தினார். நான் எழும்பி நின்றுதான் சொன்னேன். பட்டியலை, பென்சிற் தாளை, லாச்சியை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிறிது நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கடை கையெழுத்து எனக்குத் தெரியாதே, சுவாமி? ஓடிற்றர் தாளைக் காட்டின அண்டைக்கே தெரியும்" என்றார். "நீங்களாக வந்து சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். பிழை விட்ட அண்டைக்குப் பின்னேரமே சொல்லியிருந்தால் அரை மணித்தியால வேலை."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை அசைத்தார்.

"நானும் கூப்பிட்டுக் கேக்கேல்லைத்தானே. தனிய ஒருக்காக் கேட்டிருந்தால் நீங்கள் சொல்லியிருப்பியள். கோவத்திலை பேசாமல் இருந்திட்டன். அது என்ரை பிழை."

பிறகு உள்ளே திரும்பி, சுவாமிக்குத் தேத்தண்ணி போடச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டார். அந்தக் கந்தோரில் அவருடைய மேசைக்கு நான் போகாமல் விட்ட அதே நாலு மணி நேரம். இருவரும் திண்ணையில் இருந்து குடித்தோம்.